டிவி ஆப்டிகல் அவுட்டிலிருந்து டாக்: நியூஸ் சேனல் பேசுது, ஓ.டி.டி. படம் ஊமை

அல்சூர்_மூணாவது_மாடி

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் அல்சூர்ல அபார்ட்மெண்ட். செட்டப் இதுதான்: 55 இஞ்ச் ஸ்மார்ட் டிவி, சுவத்துல திருப்புற பிராக்கெட்ல மாட்டியிருக்கு. டி.டி.எச். செட்டாப் பாக்ஸ் எச்.டி.எம்.ஐ. 1-ல. டிவியோட ஆப்டிகல் அவுட்ல இருந்து 3 மீட்டர் கேபிள், சின்ன ஸ்டீரியோ டாக் (டிஜிட்டல் ஒலியை அனலாக்கா மாத்தற பெட்டி), அங்கிருந்து ஆர்.சி.ஏ. கேபிள்ல 2 சேனல் இன்டக்ரேட்டட் ஆம்ப். ஏ.வி. ரிசீவர் கிடையாது, வாங்குற எண்ணமும் இல்லை.

பிரச்சினை ஒண்ணு இல்லை, கூட்டமா வருது.

சாதாரண எஸ்.டி. சேனல் எல்லாத்துலயும் சத்தம் நல்லா வருது. சில எச்.டி. சேனல்ல வரலை. ஓ.டி.டி.யில புதுப் படம் போட்டா மொத்தமா ஊமை, ஆனா அதே ஆப்ல பழைய சீரியல் போட்டா பேசுது. டிவி ஸ்பீக்கருக்கு மாத்தினா எல்லாமே வருது.

சத்தம் வர்ற இடத்துலயும் அப்பப்போ "டிக்"னு ஒரு சொடுக்கு, இல்லைன்னா அரை செகண்ட் காணாமப் போகுது. டிவியை ஹால் பக்கம் திருப்பினா அதிகமாகுது.

அலுத்துப்போய் எஸ்.பி. ரோட்டுல ஒரு எச்.டி.எம்.ஐ. ஆர்க் எக்ஸ்ட்ராக்டர் (டிவி சத்தத்தை எச்.டி.எம்.ஐ. வழியாவே திரும்ப வாங்கிப் பிரிச்சுத் தர்ற பெட்டி) வாங்கி, அதோட அனலாக் எல்-ஆர் அவுட்டை நேரா ஆம்புக்குக் கொடுத்தேன். இப்போ எல்லாத்துலயும் சத்தம் வருது, ஓ.டி.டி. உட்பட. ஆனா ஸ்பீக்கர்ல "ம்ம்ம்"னு ஹம். வால்யூம் ஏத்தினா ஹம்மும் ஏறுது. ஆப்டிகல்ல இந்த ஹம் இல்லவே இல்லை.

இன்னும் ரெண்டு சின்ன தொல்லை. ஆப்டிகல்ல டிவி ரிமோட் வால்யூம் வேலை செய்யலை. உதட்டசைவுக்குக் கொஞ்சம் முன்னாடியே பேச்சு வர்ற மாதிரி தோணுது.

கேபிள் மாத்தணுமா, டாக் போச்சா, டிவி போர்டு போச்சா? சர்வீஸ் ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னாடி கேட்டுக்கலாம்னு வந்தேன்.

---

பிட்_எண்ணுபவர்

எதுவும் போகலை சார். மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்தால் சுலபம். நான் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எஸ்.டி. சேனலும் பழைய சீரியலும் பேசுகின்றன, எச்.டி. சேனலும் புதுப் படமும் ஊமை. இந்த ஒரு வரியே நோயைச் சொல்லிவிடுகிறது. முதல் வகையில் ஒலி ஸ்டீரியோவாகத்தான் வருகிறது, டிவி அதைப் பிரித்துச் சாதாரண பி.சி.எம். (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) ஆக ஆப்டிகலில் அனுப்புகிறது. இரண்டாவது வகையில் வருவது டால்பி 5.1, அதாவது ஆறு சேனல் சரவுண்ட் ஒலி. டிவி அதைப் பிரிக்காமல் டால்பி டிஜிட்டல் பொட்டலமாகவே வெளியே தள்ளுகிறது. உங்கள் டாக்குக்கு அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கத் தெரியாது. பெரும்பாலான ஸ்டீரியோ டாக்குகளுக்குத் தெரியாது, அதற்கு டீகோடர் சிப்பும் லைசென்ஸும் வேண்டும், அது பெரும்பாலும் ரிசீவரிலும் சவுண்ட்பாரிலும்தான் இருக்கும்.

டாக்கின் லாக் விளக்கு (சிக்னலைப் பிடித்துவிட்டது என்று காட்டுவது) எரிகிறதே என்று குழம்ப வேண்டாம். கம்பி அளவில் பி.சி.எம்.மும் டால்பியும் ஒரே வண்டியில்தான் போகின்றன. 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிளுக்கு 64 பிட், ஆக நொடிக்கு 3.072 மெகாபிட். கடிகாரம் ஒன்றே என்பதால் டாக் லாக் ஆகிவிடும். உள்ளே இருப்பது ஒலியா பொட்டலமா என்று சொல்ல சேனல் ஸ்டேட்டஸ் என்ற பகுதியில் ஒரே ஒரு பிட் இருக்கிறது. நல்ல டாக் அதைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளும். அந்தப் பிட்டைப் பார்க்காத டாக் பொட்டலத்தையே ஒலி என்று நினைத்து "ஸ்ஸ்ஷ்ஷ்" என்று முழு அளவில் கக்கும். உங்களுடையது வாயை மூடுகிற ரகம், நல்லவேளை. மற்றவர்கள் இதைச் செய்து பார்க்கும்போது ஆம்ப் வால்யூமை முதலில் அடியோடு குறையுங்கள். அந்த இரைச்சல் ட்வீட்டரைத் தின்றுவிடும்.

செய்ய வேண்டியது: டிவி செட்டிங்கில் சவுண்ட் பகுதிக்குப் போய் டிஜிட்டல் வெளியீட்டு வடிவத்தை பி.சி.எம். ஆக்குங்கள். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாம்சங்கில் எக்ஸ்பர்ட் செட்டிங்ஸுக்குள் "டிஜிட்டல் அவுட்புட் ஆடியோ ஃபார்மட்", எல்.ஜி.யில் "டிஜிட்டல் சவுண்ட் அவுட்புட்", சோனியில் "டிஜிட்டல் ஆடியோ அவுட்". ஆட்டோ, பாஸ் த்ரூ, பிட்ஸ்ட்ரீம் என்று எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

"ஆட்டோ என்றால் டிவியே பார்த்து முடிவு செய்யாதா?" என்று அடுத்த கேள்வி வரும். ஆப்டிகலில் அது முடியாது. ஒளி ஒரு வழிப்பாதை, டாக் பதில் சொல்ல வழியே இல்லை. எதிரே இருப்பது ரிசீவரா, டாக்கா, சும்மா தொங்குகிற கேபிளா என்று டிவிக்குத் தெரியாது. ஆகவே ஆட்டோ என்பது அங்கே ஊகம்தான், பெரும்பாலும் டால்பி பக்கம் சாய்கிற ஊகம். ஆர்க்கில் கதை வேறு. எச்.டி.எம்.ஐ.க்குள் சாதனங்கள் பேசிக்கொள்கிற சி.இ.சி. கம்பி வழியாக டிவி "உனக்கு என்னென்ன வடிவம் புரியும்?" என்று கேட்கும், எதிர்ச்சாதனம் பட்டியல் கொடுக்கும். உங்கள் எக்ஸ்ட்ராக்டர் "எனக்கு 2 சேனல் பி.சி.எம். மட்டும்" என்று சொல்லியிருக்கிறது. அதனால்தான் நீங்கள் ஒன்றுமே மாற்றாமல் ஓ.டி.டி. பேச ஆரம்பித்தது. ஆப்டிகலில் அந்த வேலையை நீங்கள்தான் மெனுவில் கையால் செய்ய வேண்டும்.

பி.சி.எம். வைத்த பிறகும் எச்.டி. சேனல் மட்டும் ஊமையாக இருந்தால் குற்றவாளி செட்டாப் பாக்ஸ். சில டிவிகள் சொந்த ஆப்களின் டால்பியைப் பிரித்துக் கொடுக்கும், எச்.டி.எம்.ஐ. வழியாக உள்ளே வருவதை மட்டும் அப்படியே கடத்திவிடும். பாக்ஸின் சொந்த மெனுவில் ஆடியோ அவுட்டை டால்பியிலிருந்து ஸ்டீரியோ அல்லது பி.சி.எம். ஆக்குங்கள்.

---

கண்ணாடி_நார்

மேல சொன்னது சரி. ரெண்டாவது கோளாறு என் பேட்டை.

டிவியைத் திருப்பினா அதிகமாகுதுன்னா அது கேபிள்தான், பாஸ், செட்டிங் இல்லை. டாஸ்லிங்க், அதாவது உங்க ஆப்டிகல் கேபிளுக்குள்ள இருக்கறது கண்ணாடிகூட இல்லை, சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன் பிளாஸ்டிக் நார். சிவப்பு எல்.ஈ.டி. வெளிச்சம், 650 நானோமீட்டர் பக்கம். 1983-ல தோஷிபா கொண்டுவந்தப்போ இருந்த அதே சமாச்சாரம்தான் இன்னிக்கும். அந்த நாரைக் கொஞ்ச வளைவுக்கு மேல மடிச்சா வெளிச்சம் ஓரம் வழியா கசிஞ்சு போயிடும். வளைவு ஆரம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாதுன்னு வெச்சுக்கோங்க. டீ குடிக்கிற எவர்சில்வர் டம்ளரைச் சுத்தி வளைச்சா பரவாயில்லை, விரலைச் சுத்தினா போச்சு.

சுவத்துல மாட்டின டிவியில நடக்கறது என்னன்னா, ஆப்டிகல் சாக்கெட் நேரா பின்பக்கம் பார்த்திருக்கும். சுவருக்கும் டிவிக்கும் நடுவுல இடம் நாலு விரல்கூட இருக்காது. பிளக் 2 செ.மீ. வெளிய நீட்டும், உடனே கேபிள் கீழே முறியற மாதிரி மடங்கும். பிராக்கெட்டைத் திருப்பும்போது அந்த மடிப்பு இன்னும் இறுகும். கேபிளோட எடை பிளக்கைக் கீழே இழுக்கறதால சாக்கெட்ல பிளக் சாய்ஞ்சு, வெளிச்சம் நடுவுல விழாம ஓரத்துல விழும். அதான் உங்க "டிக்".

இப்படிப் பாருங்க. டாக் பக்கத்துப் பிளக்கை மட்டும் உருவி, ஒரு வெள்ளைத்தாள்ல நுனியைக் கிட்ட காட்டுங்க. டிவி ஓடும்போது தாள்ல சிவப்புப் புள்ளி விழணும். இப்போ ஒருத்தர் டிவியை மெதுவா திருப்பட்டும். புள்ளி மங்கினாலோ துடிச்சாலோ விஷயம் முடிஞ்சது. அடுத்தது, டிவி பக்கமும் கழட்டி ஒரு நுனியில போன் டார்ச் அடிங்க, மறு நுனியில வட்டமா, முழுசா, ஒரே மாதிரி வெளிச்சம் தெரியணும். பாதி நிலா மாதிரி தெரிஞ்சா நுனி சிராய்ச்சிருக்கு, இல்லை உள்ளே நார் விரிசல்.

கேபிளைக் கழட்டினதும் இன்னொண்ணையும் பார்த்துருங்க. புதுக் கேபிளோட ரெண்டு நுனியிலயும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி இருக்கும். அது இருக்கறதே கண்ணுக்குத் தெரியாது. ஒரு பக்கம் எடுத்துட்டு இன்னொரு பக்கம் எடுக்காமலே சொருகியிருக்கற ஆட்கள் ஏராளம். மூடியோடவும் சிலசமயம் சத்தம் வரும், அதான் கொடுமை. வெளிச்சம் மங்கிப்போய், விட்டு விட்டு வரும்.

சொடுக்கு எப்படி விழுதுங்கறதும் ஒரு துப்பு. பி.சி.எம்.ல பிட் ஒண்ணு ரெண்டு கெட்டா "டிக்"னு கேட்கும். வெளிச்சம் ரொம்பக் குறைஞ்சு டாக்கோட கடிகாரப் பிடி விட்டுப்போனா மறுபடி லாக் ஆகறவரைக்கும் அமைதி, அதுதான் நீங்க சொல்ற அரை செகண்ட். ரெண்டும் கலந்து வருதுன்னா வெளிச்சம் விளிம்புல நிக்குது.

தீர்வு: 3 மீட்டர் கேபிளுக்குப் பதிலா டிவி முழுசா திரும்பினாலும் தொய்வா தொங்கற அளவுக்கு 5 மீட்டர் போடுங்க. டிவிக்குப் பின்னாடி பிராக்கெட் கையில ஒரு பெரிய வளையமா விட்டு வெல்க்ரோ போட்டுக் கட்டுங்க. சாதாரண பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிடாதீங்க, நாரை அதுவே நெரிச்சிடும். எல் வடிவ அடாப்டர்னு ஒண்ணு விப்பாங்க. இடம் சுத்தமா இல்லைன்னா மட்டும் போடுங்க, அதுவும் கொஞ்சம் வெளிச்சத்தை முழுங்கும்.

தங்க முலாம் பூசின ஆப்டிகல் கேபிள்னு காட்டினா சிரிச்சிட்டு வந்துருங்க. வெளிச்சம் போற வழிக்கு தங்கம் எதுக்கு? பிளக் சாக்கெட்ல "க்ளக்"னு கெட்டியா உட்காருதா, ஆடாம இருக்கா, அது போதும்.

---

வால்யூம்_கம்மி

ஹம்முக்குச் சுலப வழி: ஆம்ப் பிளக்ல இருக்கற மூணாவது பெரிய பின்னை எடுத்துருங்க, இல்லைன்னா 2 பின் அடாப்டர்ல சொருகுங்க. உடனே நின்னுடும்.

---

நிலக்கம்பி

மேலே உள்ள யோசனையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். எர்த்தை எடுத்தால் ஹம் நிற்கும் என்பது உண்மை. ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரில் இன்சுலேஷன் என்றைக்காவது கசிந்தால் 230 வோல்ட் உலோகப் பெட்டியில் வந்து நிற்கும் என்பதும் உண்மை. ஆம்போடு ஆர்.சி.ஏ. கேபிளில் கட்டிய டாக், டிவி, செட்டாப் பாக்ஸ், மாடியில் இருக்கிற டிஷ் வரைக்கும் அது போகும். ஆம்ப் கம்பெனி மூன்று பின் கொடுத்திருந்தால் மூன்று பின்னும் சொருகியே இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவருக்கு. உங்களுடையது எர்த் லூப். பாதையைப் பாருங்கள்: ஆம்ப் எர்த் பின் வழியாக உங்கள் வீட்டு எர்த்தில் இருக்கிறது. டிஷ்ஷிலிருந்து இறங்குகிற கோஆக்ஸ் கேபிளின் வெளிச்சல்லடை (உள்கம்பியைச் சுற்றியிருக்கிற உலோக வலை) மொட்டை மாடியில் இரும்புக் கம்பத்தில் தொட்டு, கட்டடத்தின் வேறொரு நிலத்தில் இருக்கிறது. இந்த இரண்டு நிலங்களுக்கும் நடுவே சிறு வோல்டேஜ் வேறுபாடு எப்போதும் இருக்கும். டிவியிலிருந்து எச்.டி.எம்.ஐ. போட்டு, எக்ஸ்ட்ராக்டரிலிருந்து ஆர்.சி.ஏ. போட்டு ஆம்பில் சேர்த்ததும் வட்டம் பூர்த்தியாகிவிட்டது. அந்த வட்டத்தில் ஓடுகிற 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஆர்.சி.ஏ.யின் சல்லடை வழியாகப் போகிறது, அதையே ஆம்ப் ஒலி என்று பெருக்குகிறது. வால்யூம் ஏற்றினால் ஹம் ஏறுகிறது என்று சொன்னீர்களே, அது சத்தம் நுழைவது வால்யூம் குமிழுக்கு முன்னால் என்பதற்கு அடையாளம். ஆப்டிகலில் ஏன் ஹம் இல்லை என்றால் அதில் உலோகமே இல்லை, வட்டம் அங்கே அறுந்துவிடுகிறது.

உறுதி செய்ய 2 நிமிடம் போதும். ஆம்ப் வால்யூமைக் குறைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஆஃப் செய்து, செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கிற டிஷ் கேபிளைக் கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்து வால்யூமை ஏற்றுங்கள். ஹம் போய்விட்டால் நான் சொன்ன வட்டம்தான். போகவில்லை என்றால் அடுத்து பாக்ஸின் எச்.டி.எம்.ஐ., அதற்கு அடுத்து டிவியில் லேன் கேபிள் இருந்தால் அது, பிறகு எக்ஸ்ட்ராக்டரின் 5 வோல்ட் அடாப்டர் என்று ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள்.

கடைக்காரர் "கோஆக்ஸ் ஐசொலேட்டர் இருக்கு, போட்டா சரியாகும்" என்பார். அது கேபிள் டிவிக்கு வேலை செய்யும், உங்கள் டி.டி.எச்.சுக்குச் செய்யாது. காரணம், பாக்ஸிலிருந்து மேலே எல்.என்.பி.க்கு (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்குகிற பகுதி) 13 அல்லது 18 வோல்ட் டி.சி. அதே கேபிளில்தான் ஏறுகிறது. ஐசொலேட்டர் டி.சி.யைத் தடுத்துவிடும். எல்.என்.பி.க்கு மின்சாரம் போகாது, திரையில் சிக்னல் இல்லை என்று வந்து நிற்கும்.

உங்களுக்குச் சரியான வழி இரண்டு. ஒன்று, எக்ஸ்ட்ராக்டரைத் தூக்கிவிட்டு, ஆப்டிகலை பி.சி.எம்.மில் நேராக டாக்குக்குக் கொடுப்பது. பெட்டி ஒன்று குறையும், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். இரண்டு, எக்ஸ்ட்ராக்டர் இருக்கட்டும் என்றால் அதன் அனலாக் எல்-ஆரை விட்டுவிட்டு, அதிலுள்ள ஆப்டிகல் அவுட்டிலிருந்து டாக்குக்குப் போங்கள். வடிவத்தை ஆர்க் பேசி முடிவு செய்துகொள்ளும், ஒளி வட்டத்தை அறுத்துவிடும். எக்ஸ்ட்ராக்டரின் பக்கத்தில் சின்ன ஸ்விட்ச் இருந்தால் அதை 2 சேனலில் வையுங்கள். 5.1-இல் வைத்தால் அது டிவியிடம் "எனக்கு டால்பி புரியும்" என்று பொய் சொல்லி மறுபடி உங்களைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். கோஆக்ஸியல் டிஜிட்டல் அவுட்டைப் போடாதீர்கள். அதுவும் 75 ஓம் உலோகக் கம்பிதான், எதிரே டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பிரிக்காத டாக்காக இருந்தால் ஹம் திரும்ப வரும்.

இன்னொரு எச்சரிக்கை. எக்ஸ்ட்ராக்டருக்கான 5 வோல்ட்டை டிவியின் யு.எஸ்.பி.யிலிருந்து எடுத்தால், டிவி ஸ்டாண்ட்பைக்குப் போகும்போது அதுவும் அணையும். திரும்ப எழும்போது சி.இ.சி. பேச்சுவார்த்தை பாதியில் நின்று சத்தம் வராமல் போகும். அப்படி ஆனால் டிவி, எக்ஸ்ட்ராக்டர் இரண்டையும் சுவிட்ச் போர்டிலேயே அணைத்து 2 நிமிடம் விட்டு, டிவியை முதலில் போடுங்கள்.

---

அல்சூர்_மூணாவது_மாடி

நிலக்கம்பி சார், டிஷ் கேபிளைக் கழட்டினதும் ஹம் சுவிட்ச் போட்ட மாதிரி நின்னுது. எக்ஸ்ட்ராக்டரை எடுத்துட்டு ஆப்டிகலுக்கே திரும்பிட்டேன்.

டிவியில ஆட்டோவுல இருந்ததை பி.சி.எம். ஆக்கினேன், ஓ.டி.டி. படம் பேச ஆரம்பிச்சுடுச்சு. எச்.டி. சேனல் அப்பவும் ஊமை. செட்டாப் பாக்ஸ் மெனுவுல டால்பி ஆன்னு இருந்தது, ஸ்டீரியோன்னு மாத்தினதும் வந்துடுச்சு.

கேபிளைக் கழட்டிப் பார்த்தா டாக் பக்கத்து நுனியில அந்தக் கண்ணாடி மூடி அப்படியே இருக்கு. எடுத்துப் போட்டதும் சொடுக்கு பாதி குறைஞ்சுது. முழுசா நிக்கலை, டிவியைத் திருப்பினா இன்னும் வருது. தாள்ல புள்ளி மங்கறது நல்லாவே தெரியுது. 5 மீட்டர் கேபிள் வாங்கிடறேன்.

ரெண்டு சந்தேகம். பி.சி.எம்.ல படத்தோட வசனம் முன்னைவிட மெல்லிசா கேட்குது, பாட்டும் சண்டையும் வந்தா கத்துது. இதுக்கு வழி இருக்கா? அப்புறம் அந்த உதட்டசைவு, ரிமோட் வால்யூம்.

---

பிட்_எண்ணுபவர்

மூடி இருக்கும் என்று கண்ணாடி_நார் சொன்னபோது நானே நம்பவில்லை.

வசனம் மெலிவது டவுன்மிக்ஸால். 5.1-இல் பேச்சு நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வருகிறது. 2 சேனலாகச் சுருக்கும்போது டிவி அதை இடம் வலம் இரண்டுக்கும் 3 டெசிபல் குறைத்துப் பங்கு போடுகிறது, சுற்று ஸ்பீக்கர்களின் சத்தத்தையும் அதன்மேல் கொட்டுகிறது. மொத்தமும் உச்சத்தில் உடையாமல் இருக்க முழு அளவையும் இறக்குகிறது. இதைக் குறைக்க முதல் வழி: ஓ.டி.டி. ஆப்பிலேயே, படம் ஓடும்போது ஆடியோ பட்டியலில் "தமிழ் 5.1" பக்கத்தில் வெறும் "தமிழ்" இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அது ஸ்டூடியோவிலேயே ஸ்டீரியோவாகக் கலந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம், டிவியின் அவசரக் கலவையைவிட நன்றாக இருக்கும். இரண்டாவது, டிவியில் ஆட்டோ வால்யூம், நைட் மோட் போன்றவை இருந்தால் ராத்திரியில் மட்டும் போடுங்கள். பாட்டுக்கு அது விஷம்.

பாட்டு என்றதும் ஒன்று. டிவிகள் பெரும்பாலும் ஆப்டிகலில் எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றித்தான் அனுப்பும். சி.டி. தரப் பாட்டு 44.1. டிவியின் மியூசிக் ஆப்பில் போட்டால் அது மாற்றப்பட்டே உங்கள் டாக்குக்கு வரும். பெரிய நஷ்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் டாக்கில் யு.எஸ்.பி. உள்ளீடு இருந்தால் பாட்டுக்கு போனையோ லேப்டாப்பையோ அங்கே கட்டுங்கள்.

5.1 முழுசாக வேண்டும் என்று பிற்பாடு தோன்றினால், ஆப்டிகலில் டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். வரைதான் போகும். ஓ.டி.டி.யில் வருகிற டால்பி டிஜிட்டல் பிளஸை டிவி சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றித்தான் ஆப்டிகலில் விடும். பிளஸ் அப்படியே போக ஆர்க் வேண்டும். டால்பி ட்ரூ எச்.டி. மாதிரி இழப்பில்லாதது போக ஆர்க்கின் புதுப் பதிப்பான இ-ஆர்க் வேண்டும். 2 சேனல் ஆம்ப் வைத்திருக்கிற உங்களுக்கு இவை மூன்றும் தேவையில்லை.

---

கண்ணாடி_நார்

உதட்டசைவு. சத்தம் முன்னாடி வருதுன்னு சொன்னீங்க, அது நல்ல பக்கம், ஏன்னா சத்தத்தைத் தாமதப்படுத்த முடியும், முந்திக்க வைக்க முடியாது. டிவி படத்தை வழவழன்னு ஆக்கறதுக்கு ஃபிரேம்களைப் பிடிச்சு வெச்சு கணக்குப் போடுது. அதுக்குள்ள சத்தம் ஆப்டிகல் வழியா கிளம்பிடுது. முதல்ல மோஷன் ஸ்மூத்திங்கை அணைச்சுப் பாருங்க. பாக்கி இருக்கறதை "ஆடியோ டிலே"ல 10 மில்லிசெகண்ட் படியா ஏத்துங்க. 25 ஃபிரேம் ஒளிபரப்புல ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட்.

சர்வதேச ஒளிபரப்புத் தரக்குறிப்புல மனுஷனுக்குத் தெரிய ஆரம்பிக்கிற எல்லைன்னு சொல்றது, சத்தம் 45 மில்லிசெகண்ட் முந்தினா, இல்லை 125 மில்லிசெகண்ட் பிந்தினா. முந்தறதுதான் சீக்கிரம் கண்ணைக் குத்தும். இடி எப்பவும் மின்னலுக்கு அப்புறம்தானே வருது, பிந்தறது நமக்குப் பழக்கம்.

சரிபார்க்க நியூஸ் வாசிக்கிறவங்க முகத்தைப் பாருங்க. ப, ம வர்ற வார்த்தையில உதடு ரெண்டும் ஒட்டிப் பிரியும். "பிரதமர்", "மழை" வரும்போது உதடு பிரியற நொடியில சத்தம் விழணும். சினிமாவை வெச்சுப் பார்க்காதீங்க, டப்பிங்ல பேசினதே உதட்டோட ஒட்டாது.

---

நிலக்கம்பி

ரிமோட் வால்யூம்: பெரும்பாலான டிவிகளில் ஆப்டிகல் அவுட் நிலையான அளவில்தான் போகும். திரையில் பட்டை ஏறி இறங்கினாலும் சத்தம் மாறாது. கோளாறு அல்ல, அமைப்பே அப்படி. ஆம்பில் ரிமோட் இருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. நிறைய டி.டி.எச். ரிமோட்டுகளில் டிவியின் பவர், வால்யூம் பட்டன்களைக் கற்றுக்கொடுக்கிற வசதி இருக்கும். அதில் டிவிக்குப் பதிலாக ஆம்ப் ரிமோட்டின் வால்யூமைக் கற்றுக்கொடுங்கள். இரண்டு ரிமோட்டையும் மேசையில் மூக்கோடு மூக்கு 3, 4 செ.மீ. இடைவெளியில் வைத்து, கற்கும் நிலைக்குக் கொண்டுபோய், ஆம்ப் ரிமோட்டில் அழுத்த வேண்டும். டியூப் லைட்டுக்கு நேர் கீழே செய்யாதீர்கள், சில சமயம் பிடிக்காது. டிவியின் சொந்த ஸ்பீக்கரை மெனுவில் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து எதிரொலிக்கும்.

---

அல்சூர்_மூணாவது_மாடி

5 மீட்டர் கேபிள் வந்துடுச்சு, பிராக்கெட் கையில வளையம் விட்டு வெல்க்ரோ கட்டியாச்சு. டிவியை இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பியும் சொடுக்கு இல்லை. ஆடியோ டிலே 50-ல நிறுத்தினேன், "மழை" சரியா விழுது. டி.டி.எச். ரிமோட் ஆம்ப் வால்யூமைக் கத்துக்கிச்சு, மூணாவது தடவைதான், பகல் வெளிச்சத்துல.

ஒரே ஒரு மிச்சம்: சேனல் மாத்தினதும் முதல் அசை முழுங்கிப் போகுது. "வணக்கம்"னு சொன்னா "ணக்கம்"னு கேட்குது.

---

கண்ணாடி_நார்

அது கேபிள் இல்லை. சேனல் மாறும்போது டிவி டிஜிட்டல் ஓட்டத்தையே ஒரு கணம் நிறுத்திடுது, டாக் மறுபடி லாக் ஆகிற வரைக்கும் வாயைத் திறக்காது. டாக் மெனுவுல ஆட்டோ ஸ்டாண்ட்பை, ஆட்டோ இன்புட்னு ஏதாவது ஆன்ல இருந்தா அணைச்சு, இன்புட்டை ஆப்டிகல்லயே நிலையா வைங்க. ஆம்ப்லயும் சிக்னல் பார்த்து எழுந்திருக்கற வசதி இருந்தா அதையும் அணைச்சிருங்க. அப்புறமும் "வ" வரலைன்னா அந்த டாக்கோட குணம் அது.